கிளாரியின் புழுக்கையும் என் மணலும்

ஏப்ரல் 6
ரோமம் கத்தரிக்கும் கொட்டகையின் பலகைத் தரைக்கு அடியில் நாள் முழுக்கக் குனிந்து ஆட்டுப் புழுக்கை அள்ளினேன். கொட்டகை கொழுந்தன் கிளாரியுடையது. மாமனார் இளையவனுக்குக் களிமண் நிலத்தையும் கொட்டகையையும் கொடுத்தார். மூத்தவரான என் கணவர் லெஸுக்கு மணல். செத்தவரைத் திட்டக்கூடாதாம். திட்டவில்லை, எழுதுகிறேன்.

கிளாரி மேலே நின்று உபதேசம் செய்தான். "அதே புழுக்கை, அதே ஓட்ஸ். போன வருஷம் என்னுது இடுப்பு உசரம் நின்னுச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அண்ணி."

ஏப்ரல் 9
லெஸ் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "இந்த வருஷமும் பயிர் மஞ்சளாச்சுன்னா நிலத்தைக் கிளாரிக்கே வித்துடுறேன்." என்னை யார் கேட்டார்கள்?

ஏப்ரல் 24
நாளை ஆன்சாக் நாள், போரில் செத்த வீரர்களை நினைக்கும் நாள். அதற்குள் எரு இறைத்துவிட வேண்டும் என்பது இந்த ஊர் வேதம். நான் ஓட்ஸை மட்டும் விதைத்தேன், எருவை இறைக்கவில்லை. போன வருஷம் பயிர் வெளுத்தது. சரிவின் அடியில், ஊற்று கசியும் இடத்தில், களை மட்டும் கரும்பச்சையாக முழங்கால் வரை நின்றது. எருவின் நைட்ரஜன் சத்து முழுக்க மழையோடு மணலுக்குள் இறங்கி அங்கே போயிருக்கிறது. களைக்கா எரு போடுகிறேன்?

ஜூன் 17
ஓயாத மழை. புழுக்கை மூட்டைகள் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் காய்ந்தே இருக்கின்றன. "புழுக்கைக்குத் தாலாட்டுப் பாடுறியா அண்ணி?" என்றான் கிளாரி. லெஸும் சேர்ந்து சிரித்தார். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூலை 30
மழை தணிந்தது. பாதியை இறைத்தேன்.

ஆகஸ்ட் 19
தூறல். மீதியையும் இறைத்தேன், மூன்று மூட்டை தவிர. கிளாரியின் வயலில் இன்னும் தண்ணீர், நடுவில் வாத்துகள். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் நைட்ரஜன் காற்றோடு போய்விடுமாம், வானொலியில் சொன்னார்கள். மணலில் கீழே ஓடுகிறது, களியில் மேலே ஓடுகிறது. மேதை வழக்கம்போல ஆன்சாக் நாளுக்கு முன்பே மொத்தத்தையும் கொட்டியிருக்கிறான்.

செப்டம்பர் 14
வாங்கப்போகிற நினைப்பில் எங்கள் நிலத்தை அளக்க வந்தான் கிளாரி. என் ஓட்ஸ் அவன் இடுப்புக்கு நின்றது. அவனுடையது மஞ்சள். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "இந்த வருஷம் மண்ணே சரியில்ல அண்ணி."

"ஏன் கிளாரி, கூடம் கோணலா?"

லெஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது. போகும்போது கிளாரி மெல்லக் கேட்டான்: "மூட்டை ஏதாச்சும் மிச்சமிருக்கா?" மூன்றையும் கொடுத்தேன். அவன் புழுக்கைதானே.

செப்டம்பர் 15
லெஸ் டவுனிலிருந்து வேலிக்கம்பி வாங்கி வந்தார். மணல் பக்கத்துக்கு. விற்கிற நிலத்துக்கு யாரும் வேலி போடமாட்டார்கள்.