தலை சுற்றுகிறது என்று சொன்னவளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான், அப்பா, தம்பி மூவரும் சௌக்கியம். உன் தலை எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது, மற்ற சௌக்கியமெல்லாம் அப்புறம்.

செவ்வாய்க்கிழமை தையல் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கால்பந்து கோச்சம்மா போன் செய்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை, மெஷின் பாட்டுக்கு ஓடி காலர் கோணிப்போயிற்று. “பயப்படாதீங்கம்மா, மூணு நாள் முன்னாடி பந்தைத் தலையால முட்டப் போயி இன்னொரு பொண்ணு தலையில மோதிக்கிட்டா, சொல்லாமலே ஆடிட்டிருந்தா, இன்னைக்கு ஃபைனலுக்கு முன்னாடி அவளா வந்து தலை சுத்துது, ஆட்டத்துலேர்ந்து என்னை எடுத்துடுங்கன்னு சொல்லிட்டா, ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, மூணு வாரம் ஓய்வு போதும்” என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. முறைத்துக்கொண்டு வந்த சூப்பர்வைசரிடம் என் பொண்ணு நல்லா இருக்காளாம் என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். மனுஷர் திகைத்துப்போய் அந்தக் கோணல் காலரைத் தானே பிரிக்க உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் நீ பேசியபோது, ஆடாம உட்கார்ந்துட்டா, பந்து ஆடுறதுக்காகக் குடுத்த சீட்டைப் பிடுங்கிடுவாங்களோன்னு பயந்தேம்மா, நம்ம வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்சது நான் ஒருத்திதானே என்றாயே. ஆசைக்கு ஆடுகிறாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கோச்சம்மாவிடம் கேட்டுவிட்டேன், காயத்துக்காக உட்கார்ந்தால் சீட் போகாது, எழுத்திலேயே இருக்கிறதாம்.

அப்பா பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். நீ போனை வைத்த பிறகுதான் சொன்னார். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் கிடங்கில் மூட்டை சரிந்து தோள் விலகியபோது, வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பத்து நாள் மறைத்தாராம். அதனால்தான் அந்தக் கை இன்றைக்கும் தலைக்கு மேல் போவதில்லை. பிறவியிலேயே அப்படி என்று என்னிடம் கதை விட்டிருக்கிறார் பார். “எம் பொண்ணுக்கு என்னைவிட தைரியம்டி” என்றார். மறுநாளிலிருந்து, என் பொண்ணு ஃபைனல்ல ஆடலையாம் என்று ஏதோ கோப்பை வாங்கியதுபோல் கிடங்கு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மூன்று வாரமும் முழுசாக உட்கார், நடுவில் சரியாகிவிட்டது என்று ஓடாதே. வேளைக்குச் சாப்பிடு. தெளிவாக, திடமாக, நீண்ட காலம் நன்றாக இரு கண்ணு. இன்னொன்று, உன் அறைத்தோழி முழங்கால் வீக்கத்தைத் துணி சுற்றி மறைத்து ஆடுகிறாள் என்று வாய் தவறிச் சொன்னாயே, அவளையும் கோச்சம்மாவிடம் இழுத்துக்கொண்டு போ. நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீ சொன்னால் கேட்பாள்.

உன் அம்மா