சுருட்டுப் பெட்டியில் நீ செய்த கிட்டார்

என் ஆசை அண்ணா,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் இதையெல்லாம் கேட்க முடியுமோ என்னவோ. எனக்குச் சொல்லியாக வேண்டும். விழுப்புரத்தில், உன் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்திய டிரைவர் ஒருவர் கிட்டாரை மடியில் கிடத்தி, தந்திமேல் ஒரு இரும்புத் துண்டை இழுத்து இழுத்து வாசிப்பார். வேலிக்கு வெளியே நின்று நாம் இருவரும் கேட்போம். எனக்கு அது வேண்டும் என்று நான் சொன்னதே இல்லை. நீயாகத்தான் லோகோ ஷெட் வேலை முடிந்து வந்து, கடையில் கேட்டு வாங்கிய காலிச் சுருட்டுப் பெட்டியை அறுக்க ஆரம்பித்தாய். கழுத்துக்குப் பழைய ஜன்னல் சட்டம். தந்திக்கு சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்தெடுத்த இழைகள்.

முதலில் கொசு கத்துகிற மாதிரிதான் கேட்டது. "இது பத்தாது கமலா" என்று பெட்டியின் மேல்பலகையில் வட்டமாகத் துளை போட்டாய். அம்மாவின் அலுமினியச் சட்டி மூடியைக் குழிவாகத் தட்டி அதில் பதித்தாய். மூடியின் மேல் ஒரு மரத்துண்டு, அதன்மேல் தந்திகள். டிரைவரின் இரும்புத் துண்டுக்குப் பதிலாக மருந்து பாட்டிலைத் தந்தியில் வைத்து நான் இழுத்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. நீ சிரித்த சிரிப்பு!

கல்யாணமாகித் திண்டிவனம் போன என் பின்னாலேயே, அதை வேட்டியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்து தந்தாய். அடுத்து நீ வந்தபோது கிட்டார் இல்லை. என் வீட்டுக்காரர் உன் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன் மச்சான். குடும்பப் பொம்பள டொய்ங் டொய்ங்னு தட்டிக்கினு இருந்தா தெருவுல இன்னா பேசுவாங்க?"

என் கன்னத்தில் இருந்த தடத்தையும் நீ பார்த்தாய். பார்த்துவிட்டுச் சாப்பிட்டாய். இன்னும் கொஞ்சம் மோர் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாய். எப்படி அண்ணா உனக்கு அது தொண்டையில் இறங்கியது?

தண்ணீருக்குப் போகிற சாக்கில் உன் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு ஓடி வந்தேன்.

"என்னையும் கூட்டிக்கினு போண்ணா. இங்க இருந்தா செத்துடுவேன்."

"அழாத. இதவிட நல்லா இன்னொண்ணு செஞ்சி எடுத்துக்கினு வர்றேன்."

"எனக்கு கிட்டாரு வேணாண்ணா."

"உங்க அண்ணி இன்னா சொல்லுவாளோ. கொஞ்சம் பொறுத்துக்க" என்றாய். வண்டி ஏறிவிட்டாய்.

நீ வரவில்லை. ஷண்டிங்கின்போது இரண்டு வேகன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டாய் என்று செய்திதான் வந்தது. சாவு வீட்டில் என் வீட்டுக்காரர் மார்பில் அடித்துக்கொண்டு, "என் மச்சான் கைவேல யாருக்கு வரும்!" என்று அழுதார். எல்லோரும் அவரைத் தேற்றினார்கள்.

அண்ணி தேற்றவில்லை. காரியம் முடிந்து அவர் என்னைக் கிளம்பச் சொன்னபோது, அண்ணி வந்து எனக்கு முன்னால் நின்றாள். "கமலா எங்கியும் வரமாட்டா. நீங்க ஜல்தியா கெளம்புங்க, வண்டிக்கு நேரமாவுது" என்றாள். அவ்வளவுதான் அண்ணா. அவளை நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

இப்போது அண்ணியும் நானும் மல்லாட்டை உடைத்துக் கடலை எடுக்கிற வேலைக்குப் போகிறோம். எனக்காக நீ பாதி செய்து வைத்திருந்த இரண்டாவது கிட்டார் பரணில் கிடந்தது. அண்ணி மூடியைத் தட்டிப் பதித்தாள், நான் தந்தி கட்டினேன். ஒரு பக்கம் கரகரக்கிறது, ஆனாலும் தெருக்கோடி வரை கேட்கிறது. கழுத்தை உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருக்கிறாய். கை படும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. இத்தனை தேய்க்க உனக்கு நேரம் இருந்திருக்கிறது.

உன் மகள் செல்வி வளர்ந்துவிட்டாள். அவளையும் ஒருநாள் எங்காவது கட்டிக்கொடுப்போம். அங்கிருந்து அவள் "வா அத்தை" என்று கூப்பிட்டால், நான் அவளுக்கு எதையும் செய்துகொண்டிருக்க மாட்டேன் அண்ணா. அடுத்த வண்டியில் ஏறிவிடுவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
கமலா