தொலையாத பரிசோதனைத் தாள்

அன்புள்ள வாண்டு,

இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நம்பிக்கைதான், நீ போனில் சொல்வதில் பாதியைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். அப்பாவின் முழங்கால் தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் ஊரைக் கூட்டுகிறார். சித்தி வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள், உன் அறையில்தான் படுத்தாள், பிள்ளை வீட்டுல இல்லேன்னா மேஜையைத் துடைக்கக் கூடாதுன்னு சட்டமா என்று என்னைத் திட்டிவிட்டுத் தானே துடைத்தாள். ஆய்வுக்கூடத்தில் வேலை பெண்டை நிமிர்த்துகிறது. மழைக்குப் பிறகு குடிநீர் கலங்கி வருகிறது என்று தினமும் நாற்பது பாட்டில் தண்ணீர் வந்து இறங்குகிறது, ஒவ்வொன்றையும் பார்த்து முடிவெழுதிக் கையெழுத்துப் போட்டு நிமிரும்போது கழுத்து பிடித்துக்கொள்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். போனில் சொல்ல வாய் வராத ஒன்றுக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய், சின்ன வயசுல எனக்குக் காது டெஸ்ட் எடுத்தோமே, அந்தப் பேப்பர் இருக்காம்மா, காலேஜ் மாணவர் உதவி மையத்துல கேக்கறாங்க என்று. வீடு மாறினப்போ எங்கே போச்சோ தெரியலையே என்றேன். அது பொய். அந்தத் தாள் என் பட்டச் சான்றிதழ்களுக்கு அடியில் ஒரு பழுப்பு உறையில் பதின்மூன்று வருஷமாகப் பத்திரமாக இருக்கிறது. வீடு மாறியபோது நகையைக்கூட அப்பாவிடம் கொடுத்துவிட்டு அந்த உறையை என் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். நீயோ, சரி போகட்டும், புதுசா டெஸ்ட் எடுக்க ரெண்டு மாசம் காத்திருக்கணுமாம், பதிவு இந்த மாசக் கடைசியோட முடியுது, அடுத்த வருஷம் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டு, கல்லூரி நாடகக் குழுவில் நடந்த கதைக்குப் போய்விட்டாய். மேடை விளக்குகளை இயக்குகிற இடத்தில் உனக்குக் கொடுத்த ஹெட்போன் ஒரு காதுக்கு மட்டும்தான் என்றும், கேட்கிற இடது காதில் அதை மாட்டிக்கொண்டதால் பக்கத்தில் நின்றவள் விளக்கை அணைக்கச் சொன்னது உனக்கு எட்டவே இல்லை என்றும், செத்துப்போன ராஜா அத்தனை வெளிச்சத்தில் எழுந்து அங்கியைத் தட்டிக்கொண்டு நடந்து போனார் என்றும் சொன்னாய். இரண்டு பேரும் சிரித்தோம். அதே சிரிப்போடு, நான் குழுவிலேர்ந்து விலகிட்டேம்மா, இஷ்டம் இல்லேன்னா முதல்லயே சொல்லியிருக்கலாமேன்னு தலைவி கேட்டா, பதில் சொல்லத் தெரியல என்றாய். எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

உனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் ஆக்கியவள் நான்தான். வலது காது கேட்காது என்று யாரிடமும் சொல்லாதே, வகுப்பில் வலது கோடியில் உட்கார், எல்லாரும் உன் இடப்பக்கம் வருகிறபடி பார்த்துக்கொள் என்று ஆறு வயதிலிருந்து பழக்கினேன். இரண்டாம் வகுப்பு டீச்சரிடம் முன்வரிசை கேட்கப் போய், கண் கொஞ்சம் மந்தம் என்றேன், அப்ப ஏன் கண்ணாடி போடல என்று அவர் கேட்டதும் திருதிருவென்று விழித்தேன். கல்லூரி விண்ணப்பத்தில் உடல்நலம் பற்றிய பக்கத்தை நிரப்பியதும் நான்தான், நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். உதவி தேவைப்படும் குறை ஏதேனும் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று டிக் போட்டேன். சோதிக்காத தண்ணீருக்கு இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கையெழுத்துப் போடாதவள், பெற்ற பெண்ணுக்குப் போட்டேன். உதவி மையம், ஆலோசனை மையம், மன்றங்கள் என்பதெல்லாம் கல்லூரிக் கையேட்டில் படம் போடுவதற்காக வைத்தவை என்பது அப்போது என் எண்ணம். நீ போனை வைத்த பிறகு அந்த மையத்தின் விதிகளை இணையத்தில் தேடி முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். பாடக் குறிப்புகளை எழுத்தில் தருவார்களாம், உட்காரும் இடத்தை நீயே தேர்ந்துகொள்ளலாமாம், அதெல்லாம் வகுப்புக்கு மட்டுமில்லை, நாடகக் குழு மாதிரி மன்றங்களுக்கும் பொருந்துமாம். ஒன்றரை வருஷமாக அது உனக்காக அங்கேயே இருந்திருக்கிறது.

நீ கேட்டபோது சித்தி பக்கத்தில்தான் இருந்தாள். போனை வைத்ததும், ஏன்க்கா, அந்தப் பேப்பர் உன்கிட்டதானே இருக்கு என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தத் தாளின் கீழே டாக்டர் எழுதிய ஒரு வரி இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி ஆறாம் நாள் அழைத்து வரப்பட்டார் என்று. உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் வீங்கிக் கிடந்தாய், அப்பா வேலையாக வெளியூரில் இருந்தார். மூன்றாம் நாள் காதுக்குள்ள ஊய்னு சத்தம் வருதும்மா என்று சொன்னாய். சித்தி வந்து பார்த்துவிட்டு, கிளம்புக்கா, ஆஸ்பத்திரிக்குப் போலாம் என்று செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றாள். எதுக்கெடுத்தாலும் டாக்டரா, தானா இறங்கும், நானும் படிச்சிருக்கேன் என்று அவளை அனுப்பிவிட்டேன். படிச்சவளுக்குச் சொன்னா ஏறாது என்று சொல்லிவிட்டுப் போனாள். முன்னாலேயே வந்திருந்தாலும் பெரிசா மாறியிருக்காதும்மா என்று டாக்டர் சொன்னார். உண்மையா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, தெரியாது. எதையும் இரண்டாவது தடவை சரிபார்க்கிற நான் அதை மட்டும் வேறு டாக்டரிடம் கேட்கவில்லை. சித்தியும் அன்று முதல் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமையும், குடுத்துடுக்கா, அவ படிச்சுக்கட்டும் என்று மட்டும்தான் சொன்னாள். நீ அந்த வரியைப் படிக்கக் கூடாது என்பதற்காகத்தான் உன் காதையே ஒளித்து வைத்தேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

அசல் தாளை இத்துடன் கூரியரில் அனுப்புகிறேன். மையத்துக்கு நகலைக் கொடு, அசலை நீ வைத்துக்கொள், இனி அது உன்னிடம் இருக்கட்டும். வெள்ளை உறையில் இருப்பது மையத்துக்கு நான் எழுதிய கடிதம், விண்ணப்பத்தில் தவறாகக் குறித்தது தாய்தான், மாணவி அல்ல என்று எழுதியிருக்கிறேன். உறையை ஒட்டவில்லை, படித்துவிட்டுக் கொடு. நாடகத் தலைவியிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். இந்த முறை நான் எதுவும் சொல்லித் தரப்போவதில்லை.

உடம்பும் மனசும் திடமாக, தலை நிமிர்ந்து நீ நூறு வருஷம் வாழ வேண்டும். பதிவுக்குக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை, மையம் நான்கு மணிக்கு மூடிவிடும் என்று போட்டிருக்கிறது. அந்த வரியைப் படித்த பிறகு என்மேல் கோபம் வரும், வரட்டும். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், பதிவு செய்துவிட்டேன் என்று சித்தியிடம் சொன்னால் போதும், அவள் எனக்குச் சொல்லிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அம்மா