ரோட்டில் நின்றே பார்த்த போஸ்ட்

2024 மார்ச் 12, செவ்வாய்

இன்று முப்பத்துநாலு கரண்ட் போஸ்ட். உதியன்குளங்கரையில் தொடங்கி கொல்லயில் ஊரின் உள்வழிகள் வரை நடந்தே. குடையைப் பிடித்தால் டேப்லெட்டைப் பிடிக்க முடியாது, டேப்லெட்டைப் பிடித்தால் குடையைப் பிடிக்க முடியாது. பின்கழுத்து எரிகிறது.

ஒவ்வொரு போஸ்டுக்கும் அடிமண்ணை விலக்கி, சுத்தியலால் தட்டி, மூன்று படம் எடுத்து, டேப்லெட்டில் ‘நல்லது’, ‘கவனிக்க’, ‘மாற்ற’ என்று மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். பட்டியல் முழுசாகிவிட்டால் எந்த போஸ்டை எப்போது மாற்றுவது என்று இனி யாரும் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டாமாம். எங்கள் அசிஸ்டன்ட் இன்ஜினியர் அனகா மேடம் சொன்னது. என்னைவிடப் பதினைந்து வயது குறைவு, ஆனால் மழைக்கு முன்னால் முடித்தே ஆக வேண்டும் என்று ஓவர்சியர்களான எங்களை விரட்டுகிறார்.

மூன்றரை மணிக்கு அண்ணன் வீட்டு முன்னால் வந்து சேர்ந்தேன். இரும்பு போஸ்ட். வீட்டுக்குப் பின்னால், கிணற்றுப் பக்கம். அடியில் உரித்த தேங்காய்க் கதம்பையைக் குவித்துப் போட்டிருக்கிறார்கள். கேட் திறந்துதான் கிடந்தது.

ஆறு வருஷமாக நான் அதற்குள் போனதில்லை. அம்மையை அடக்கம் பண்ணின அன்று, சபை ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது, “நீங்க நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா அம்மை இருந்திருக்கும்” என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னவள் நான். அதன்பிறகு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ரோட்டில் நின்றே மேல்பாகத்தைப் படம் எடுத்தேன். அடிப்பாகத்துக்கு முந்தின போஸ்டின் படத்தைச் சேர்த்தேன். ‘நல்லது’.

ஒரு போஸ்ட்தானே.

மார்ச் 27, புதன்

ஆயிரத்து நூற்றுநாற்பது போஸ்டும் முடிந்தது. டிவிஷனில் எங்கள் செக்ஷன்தான் முதல். அனகா மேடம் கேக் வெட்டினார். முதல் துண்டு எனக்கு.

ஜூன் 18, செவ்வாய்

லைன்மேன் சஜு விழுந்துவிட்டான்.

காலையில் அடித்த காற்றில் பிலாமரத்துக் கொம்பு கம்பியில் விழுந்திருக்கிறது. கரண்டை ஆஃப் பண்ணிவிட்டு, ஏணி சாய்த்து, சஜு ஏறினான். முக்கால் பாகம் ஏறினதும் போஸ்ட் அடியோடு முறிந்து ஆளோடு சாய்ந்ததாம். இடுப்பெலும்பு, வலது தொடை இரண்டும் போயிற்று. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

“எந்த போஸ்டு?” என்று போனில் சொன்ன லைன்மேனிடம் கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும்.

“கொல்லயில் பக்கந்தான் மேடம். ஒங்க அண்ணன் வீட்டுக்குப் பொறத்த நிக்குமே, அது.”

கர்த்தாவே. நான் என்ன செய்து வச்சிருக்கேன்.

ஜூன் 19, புதன்

போய்ப் பார்த்தேன். அண்ணன் வீட்டில் இல்லை, அதனால்தான் உள்ளே போனேன். இதிலும் அதே புத்தி.

கதம்பையை வாரி மாற்றியிருந்தார்கள். முறிந்த இடத்தில் இரும்பு, கருப்பட்டிபோலப் பொடிந்து கிடந்தது. விரலால் அழுத்தினேன், உதிர்ந்தது. சுத்தியல் தேவையே இல்லை. யாராவது ஒரு முறை குனிந்து பார்த்திருந்தால் போதும். ‘யாராவது’ என்ன யாராவது. நான்.

அனகா மேடம் ஆபீசில் பட்டியலைத் திறந்து பார்த்தார். “நல்லதுன்னுதானே இருக்கு. மூணு மாசத்தில இப்பிடித் துருப்பிடிக்குமா?” என்று கேட்டார்.

“அறியாது மேடம்” என்றேன்.

ஜூன் 20

சொல்லவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

ஆராதனையில் சஜுவுக்காக ஜெபம் பண்ணச் சொன்னார்கள். நானும் கண்ணை மூடினேன். மூடினேன், அவ்வளவுதான்.

வெளியே வரும்போது சுகிர்தம் மைனி, அண்ணன் சம்சாரம், என் கையைப் பிடித்து மதில் ஓரமாகக் கொண்டுபோனார். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

“பிரேமா, அன்னைக்கு நீ ரோட்டுல நின்னத நான் அடுக்களயில நின்னு கண்டேன். நீ உள்ள வருவேன்னு நெனச்சு சாயாவுக்கு தண்ணி வெச்சேன். வெளிய வந்து பாத்தா நீ இல்ல.”

மைனி குரலைத் தாழ்த்தினார்.

“நான் ஆருட்டயும் சொல்லல்ல. ஒங்க அண்ணன்ட்டயும் சொல்லல்ல. நீயாச்சு, கர்த்தராச்சு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையை விடும்போது மெல்ல ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 26, புதன்

விசாரணை. டிவிஷனிலிருந்து ஒரு ஆபீசர் வந்திருந்தார். பட்டியலில் அந்த வரியைப் பிரின்ட் எடுத்து அவர் கையில் கொடுத்ததே நான்தான். என் பெயர், தேதி, ‘அடிப்பாகம் பரிசோதித்தது: ஆம்’.

சஜுவின் வாக்குமூலத்தை ஆஸ்பத்திரியில் போய் எழுதி வாங்கியிருந்தார்கள். ஒரே வரி. ரெஜிஸ்டரில் நல்லது என்று கண்டதால் ஏறினேன்.

ஆபீசர் சொன்னார், ரெஜிஸ்டரில் என்ன இருந்தாலும் ஏறுகிறவன் அடியைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும், அதனால் கவனக்குறைவு லைன்மேனுடையது. அப்படி முடிவானால் சஜுவுக்கு விபத்து லீவு கிடையாது. கட்டிலில் கிடப்பவனுக்கு மெமோ போகும்.

அவன் பெண்சாதி ஜிஜா வெளியே பெஞ்சில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, “மேடம், அவரு எப்பவும் சொல்லுவாரு, பிரேமா மேடம் எழுதினா சரியா இருக்கும்னு. ஒங்களுக்கு அவங்கட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?” என்றாள்.

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். யாரிடம் போய் என்ன சொல்வேன் நான்? ஏட்டி பிரேமா, நீ மனுஷிதானா?

ஜூலை 1, திங்கள்

லீவு போட்டேன். அண்ணன் வீட்டு போஸ்ட் ஒன்றுதான் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நேற்று உட்கார்ந்து யோசித்து எழுதினேன். நாய் இருந்த வீடு, கேட் பூட்டியிருந்த வீடு, மழை தூறிய ஒரு சாயங்காலம், கால் வலித்த ஒரு நாள். ரோட்டில் நின்றே ‘நல்லது’ போட்டவை மொத்தம் ஒன்பது.

மீதி எட்டையும் இன்று போய்த் தட்டினேன். ஆறு சரி. அமரவிளைப் பக்கம் ஒன்று அடியில் பாதி தின்றுபோய் நிற்கிறது. பக்கத்தில் பஸ் ஸ்டாப், பிள்ளைகள் அதில் சாய்ந்து நிற்கின்றன. இன்னொன்று வாழைத்தோட்டத்துக்குள், கான்கிரீட் பிளந்து கம்பி தெரிகிறது.

பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். “எதுக்கு ஆன்ட்டி?” என்று ஒருத்தி கேட்டாள். ஆபீசுக்கு போன் பண்ணி, ஆள் வந்து கயிறு கட்டும்வரை அங்கேயே நின்றேன்.

ஜூலை 2, செவ்வாய்

ஒன்பதையும் ஒத்துக்கொண்டு அனகா மேடத்திடம் கடிதம் கொடுத்தேன். மலையாளத்தில்தான் எழுதினேன். வீட்டில் பேசுகிற தமிழில் எழுதியிருந்தால் முடித்திருக்க மாட்டேன்.

அனகா மேடம் இரண்டு தடவை வாசித்தார். கதவைச் சாத்தினார். “ஒன்பது வரி பொய்ன்னு ஒத்துக்கொண்டால் மீதி ஆயிரத்துக்கும் யாரு உத்தரவாதம்? என் பெயரும் போகும். ஒரு நாள் ஆலோசிச்சிட்டுத் தாங்க.”

“ஆலோசிச்சாச்சு மேடம். பதினாலு நாளா அதத்தானே செய்றேன்.”

அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. பிறகு ஆபீஸ் முத்திரையை எடுத்துக் கடிதத்தில் குத்தினார். கேக்கில் முதல் துண்டை எனக்குக் கொடுத்த பிள்ளை.

ஜூலை 12, வெள்ளி

சஸ்பென்ஷன். சஜு மேல் இருந்த கவனக்குறைவை எடுத்துவிட்டார்கள். விபத்து லீவு உண்டு. செக்ஷன் முழுவதும் மறுபடி சர்வே.

ஜூலை 14, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சஜு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். திரும்பவில்லை. சொல்ல வேண்டியதை அவன் முதுகைப் பார்த்துச் சொன்னேன். தோள் அசைந்ததோ, மூச்சுதானோ, தெரியவில்லை.

ஜிஜா வராந்தா வரை வந்தாள். “நீங்க சொன்னதுனாலதான் மெமோ ரத்தாச்சு. அது எனக்கு அறியும். ஆனா மேடம், இனி இஞ்ச வரண்டாம்.”

சரி என்றேன். படி இறங்கினேன்.

ஆகஸ்ட் 24, சனி

கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். அண்ணன் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, அம்மையப் பத்தி அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அந்தக் கோவத்துல ஒங்க வீட்டுக்குள்ள வராமத்தான் ஒருத்தன் கால ஒடிச்சேன்.”

எப்படியெல்லாமோ சொல்ல நினைத்திருந்தேன், இவ்வளவுதான் வந்தது. அண்ணன் மண்வெட்டியைக் கழுவினார், சுவரில் சாய்த்தார், உள்ளே போய்விட்டார். மைனி, இரு என்று கையைக் காட்டினார். நான் இருக்கவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

திரும்ப வேலையில் சேர்ந்தேன். இன்கிரிமென்ட் வெட்டு உண்டு. மறுசர்வேயில் பாதி இன்னும் பாக்கி. அதையே எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அனகா மேடம் பட்டியலை என் பக்கம் திருப்பினார். பிறகு, “ஒவ்வொண்ணுக்கும் வீடியோ வேணும்” என்றார். நியாயம்தான்.

டிசம்பர் 19

சர்வேக்குப் போன வீட்டில் இன்று நாய் கடிக்க வந்தது. அப்படியும் உள்ளே போனேன்.

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

சஜு நேற்று வேலையில் சேர்ந்துவிட்டான். இனி போஸ்ட் ஏற முடியாது. புகார் போன் எடுக்கிற சீட் கொடுத்திருக்கிறார்கள். ஊன்றுகோலை மேசையோரம் சாய்த்து வைத்திருக்கிறான். எல்லாரிடமும் பேசுகிறான். என்னிடம் இல்லை. நானும் வலியப் போகவில்லை.

பதினொன்றரைக்கு லைன்மேன் அஜின் போன் பண்ணினான். அமரவிளையில் ஒரு போஸ்டில் ஏற வேண்டும், ரெஜிஸ்டரில் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். நான் பின்னால் அலமாரியில் மேப் எடுத்துக்கொண்டிருந்தேன். சஜு கம்ப்யூட்டரில் தேடினான்.

“நல்லதுன்னு இருக்கு. ஜனவரியில கண்டது.” கொஞ்சம் நிறுத்தினான். “பிரேமா மேடம் கண்டது.”

 வீடியோவைத் திறந்து கடைசிவரை ஓடவிட்டான். நான் மண்ணை மாந்தி விலக்குவது, சுத்தியல் சத்தம், என் இரைப்பு, எல்லாம் அந்த அறையில் கேட்டது. நான் அசையவில்லை.

“நேர்ல கண்டதாக்கும். எதானாலும் நீ அடியத் தட்டிப் பாத்துட்டு ஏறு.”

போனை வைத்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த போன் அடித்தது, எடுத்தான்.

இன்று கொல்லயிலில் இருபத்திரண்டு போஸ்ட்.