மாதிரி மட்டை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் பொய். உன் தம்பி லாக்கப்பில் இருக்கிறான், அவன் இடது கண் இன்னும் திறக்கவில்லை.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். எங்களிடம் வாங்கும் டென்னிஸ் மட்டைகளின் எடை ஒன்றுக்கொன்று மாறக்கூடாது என்று உங்கள் கம்பெனி இறுக்கியது அல்லவா, அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலாளி அதற்காக அச்சை மாற்றவில்லை, ஆளைக் கூட்டவில்லை, சூப்பர்வைசரை அவிழ்த்துவிட்டார். எடை மேசையில் நான் கழித்துப்போடும் மட்டையை, அதைச் செய்தவனே முற்றத்து இரும்புத் தூணில் எல்லார் முன்னாலும் அடித்து உடைக்க வேண்டும் என்றான் அவன். உன் தம்பி செய்ததையும் நான் கழித்தேன், தராசுக்குப் பிள்ளைப் பாசம் உண்டா? கழிவு கூடியதும் விட்ட நேரத்தைப் பிடிக்க, மட்டையை வேகவைக்கும் சூட்டு அச்சைப் பாதி வேக்காட்டிலேயே திறக்கச் சொன்னார்கள். எடை சரியாகத்தான் வந்தது, உள்ளே பலமில்லை, அது தராசில் தெரியாது. உன் தம்பி மாட்டேன் என்றான். இது எவன் மூஞ்சியிலயாவது தெறிக்கும் சார் என்றான். அப்படியா, உன் மூஞ்சியிலயே பாத்துடலாம்டா என்று சூப்பர்வைசர் என் மேசையில் தேறிக் கிடந்த ஒன்றை எடுத்து அவன் முகத்தில் ஓங்கி அடித்தான். ஒரே அடி, மட்டையின் கழுத்து ஒடிந்து சிம்புகள் கன்னத்தில் குத்தி நின்றன. சூப்பர்வைசர் இன்னொன்றை எடுத்தபோது என் தலைக்கு மேல் மாட்டியிருந்த மாதிரி மட்டை என் கைக்கு வந்துவிட்டது. அது ஒழுங்காக வெந்த பழைய மட்டை. அடித்தேன், அவன் விழுந்த பிறகும் அடித்தேன். அவன் முழங்கைதான் உடைந்தது, மட்டை உடையவில்லை. போதும் அக்கா, மாதிரி கெட்டுப்போச்சுன்னா அதையும் நம்ம தலையிலதான் கட்டுவாங்க என்று பக்கத்து மேசைக்காரி என்னை இழுத்தாள். அந்த ரத்தத்துக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது.

போலீஸ் வந்ததும் நான்தான் அடிச்சேன் என்று உன் தம்பி முந்திக்கொண்டான். நான் குறுக்கே போவதற்குள் அவனை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். நேற்று முதலாளி நம் வீட்டுக்கே வந்தார். இத்தனை வருஷம் ஏய் தராசு என்று கூப்பிட்டவர், அம்மா, சரக்கைப் பாக்க உங்க பொண்ணுதானே வருது, சரக்கு சரின்னு கையெழுத்துப் போட்டுச்சுன்னா பையன் அன்னிக்கே வெளிய வந்துடுவான் என்றார்.

தம்பிக்காக நீ கையெழுத்துப் போடுவாய், எனக்குத் தெரியும். போடாதே. எடையை மட்டும் பார்க்காதே, எந்தப் பெட்டியிலிருந்தாவது ஒன்றை உருவி அந்தத் தூணில் அடித்துப் பார். ஊரான் பிள்ளை முகம் கிழிந்துதான் என் பிள்ளை வெளியே வர வேண்டுமா? நாளைக் காலையில் நானே ஸ்டேஷனுக்குப் போய் அடித்தது நான் என்று சொல்லப் போகிறேன். பக்கத்து மேசைக்காரி சாட்சிக்கு வருகிறாள். தம்பி வெளியே வந்ததும் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போ, வேண்டாம் என்பான், விடாதே. வீட்டுச் சாவி மாடிவீட்டு அக்காவிடம் இருக்கும்.

நீங்கள் இருவரும் நூறு வயது வாழ வேண்டும், எவன் முன்னாலும் தலை குனியாமல் வாழ வேண்டும். என்னைப் பார்க்க வரும்போது அழுதுகொண்டு வராதே.

இப்படிக்கு,
உன் அம்மா