பத்து பாகாட் வேலைக்கு ஜோடிச் சொல்

ஐப்பசி 4, திங்கள்
விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. அவரும் ஆபீசுக்குப் போகாமல் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டார். பத்து பாகாட் ஊர்க் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை காலி. அடுத்த வாரம் அங்கே துரை நேரில் பார்க்கிறாராம். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். ரப்பர் விலை விழுந்து கிடக்கிறது, இந்தத் தோட்டத்தில் இனி ஒரு கிராணி போதுமாம். இவருக்கு மூத்த கிராணி இருப்பார். நாங்கள் கிளம்ப வேண்டும்.

அவருக்கு எழுத்து இங்கிலீஷ் நன்றாக வரும், பேச்சுதான் தடுக்கும். மலாக்கா கான்வென்டில் படித்ததால் நான் வாத்தியார். இன்று ஜோடிச் சொல், அதாவது எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சின்னச் சொல் வரும் என்பது. அஃப்ரெய்ட் என்றால் ஆஃப். குட் என்றால் அட். மேரீட் என்றால் டு. அவர் எல்லாவற்றுக்கும் வித் போடுகிறார். போட்டுவிட்டு, ஏன் தப்பு என்று வேறு கேட்கிறார். கான்வென்ட் சிஸ்டர் சொன்னதையே சொன்னேன்: கட்டி வைத்தாகிவிட்டது, இனிமேல் ஏன் என்று கேட்டு என்ன ஆகப்போகிறது.

மத்தியானம் கருவாடு, ரசம். ரசத்தில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டு முடித்தோம்.

எங்கள் பெண் பவளம் ஆடி மாதக் காய்ச்சலில் போனாள். மூன்று வயது நிரம்பவில்லை. கூலிக்காரர் லயத்துக்குப் பின்னால் மேட்டில் புதைத்தது. இந்த மழைக்கு அந்த மண் தாங்குமோ என்னவோ. போய்ப் பார்க்கவில்லை. அவர் வாயில் அந்தப் பெயர் அன்றிலிருந்து வரவில்லை.

ஐப்பசி 5, செவ்வாய்
மழை விட்டது. வேலை முடிந்து வந்து காலைக் கழுவுவதற்குள் புத்தகம். வாத்தியாருக்கு வாய்த்த கெட்டிக்காரப் பிள்ளைதான்.

ஆங்க்ரி வித். தமிழில் கோபம் ஆள் மேல் வரும். இங்கிலீஷில் ஆளோடு கூட வருகிறது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வாக்கியம் சொன்னால்தான் விடுவேன் என்றேன். அவர் சொன்னவை: துரைக்கு நாய் என்றால் உயிர், ஃபாண்ட் ஆஃப். வாளி நிறையப் பால், ஃபுல் ஆஃப். எனக்குக் கணக்கு நன்றாக வரும், குட் அட். அதில் பொய் இல்லை.

ஸாரி ஃபார் வந்தது.

"அடுத்தது" என்றார்.

"இதுக்கும் ஒண்ணு சொல்லுங்க."

"அடுத்தது சொல்லு சரசு."

சொன்னேன்.

சாயங்காலம் கங்காணி வீட்டு முனியம்மா வந்தாள். "வேலை கெடச்சா போயிருங்க கிராணியம்மா. இந்தக் காட்டுக் காய்ச்சலு ஆளை விடாது. இன்னொண்ணு பொறந்துச்சுன்னா எல்லாம் சரியாப் போவும்" என்று சொல்லிவிட்டு அவளே அழுதாள். காப்பி கலந்து கொடுத்தேன். எனக்கு அழுகை ஒன்றும் வரவில்லை. மரத்துப்போன காலை யாரோ கிள்ளுகிற மாதிரி இருந்தது.

சீனி தீர்ந்துவிட்டது.

ஐப்பசி 7, வியாழன்
அவர் சட்டைக்குக் கஞ்சி போட்டேன். வெயில் இல்லை. அடுப்புக்கு மேல் கட்டி உலர்த்தியதில் புகை வாடை. கோட்டு மூத்த கிராணியிடம் இரவல், தோள் தொங்குகிறது.

யூஸ்ட் டு. பழகிப்போச்சு என்று பொருள். மழைக்குப் பழகிவிட்டேன் என்று ஒரு வாக்கியம் சொன்னார். ஜோடியைச் சரியாகச் சேர்த்துவிட்டார். "நீ ஒண்ணு சொல்லு" என்றார். ராத்திரியில் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டேன் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

புத்தகத்தை மூடினார். விளக்குத் திரியைத் தூண்டினார். பிறகு, "உன் இங்கிலீஷ் நல்லாயிருக்கு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் காணவில்லை. பாயை விரித்தேன்.

ஐப்பசி 10, ஞாயிறு
நாளைக் காலையில் துரையைப் பார்க்க வேண்டும். இன்றே பஸ் ஏறிப் போனார். தங்காக் போய், மூவாரில் ஆற்றைத் தாண்டி, அப்புறம் பத்து பாகாட். யாரோ சிநேகிதர் வீட்டில் தங்கல்.

வீடு வெறிச்சென்று இருந்தது, அதனால் மேட்டுக்குப் போனேன். மண் ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறது. சுற்றிக் கல் வைத்திருக்கிறார்கள், முனியம்மாவாகத்தான் இருக்கும். அழுகை வரும் என்று நினைத்தேன். கொசுதான் கடித்தது. போனால் இவளை விட்டுவிட்டுப் போக வேண்டும். இருந்தால் சோற்றுக்கு வழி இல்லை. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால். வேலை கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வரும் வழியிலேயே, கிடைக்கட்டும் என்றும்.

ஐப்பசி 11, திங்கள்
பொழுது சாயத் திரும்பினார். சட்டையெல்லாம் புழுதி. "கெடச்சிருச்சு" என்றார்.

என்ன கேட்டார்கள் என்று கேட்டேன்.

"ஜோடிச் சொல் ஒண்ணும் கேக்கல. கணக்குப் பாத்தாரு. குடும்பம் பத்திக் கேட்டாரு. வீடு தர்றேன்னாரு."

சாப்பிட்டார், படுத்துவிட்டார். நல்ல சேதிதான்.

ஐப்பசி 18, திங்கள்
கட்டியவை: டிரங்குப் பெட்டி, பாய், ஏனம், அம்மி, சாமி படம். ஆட்டுக்கல் முனியம்மாவுக்கு. கோழியும் அவளுக்கே. மேட்டுக்குப் பால் கொண்டுபோய் ஊற்றினேன். அவரைக் கூப்பிட்டேன். கயிறு இறுக்கிக்கொண்டே இருந்தார், வரவில்லை. "நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள் முனியம்மா. எதைப் பார்த்துக்கொள்வாள்.

ஐப்பசி 19, செவ்வாய்
காலையில் லாரி. மூவார் துறையில் லாரியைப் படகில் ஏற்ற வெகுநேரம் காத்திருந்தோம். லேடாங் மலை மேகத்தில். ஒரு மலாய்க்காரி நேந்திரம் வறுவல் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன்.

மதியம் தாண்டி பத்து பாகாட். பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், தலை நரைத்தவர். சாவியோடு வாசலில் நின்றார். லாரிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை எங்க? பிள்ளை இருக்கெண்டுதானே துரை கூடுதலா ஒரு அறையுள்ள வீட்டைக் குடுக்கச் சொன்னவர்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அம்மியை இறக்கப் போய்விட்டார். அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் கேட்டேன்.

"துரைகிட்ட என்ன சொன்னீங்க?"

"பிள்ளைங்க இருக்கான்னு கேட்டாரு. ஒரு பொண்ணு, பேரு பவளம்னேன்."

"அப்புறம்?"

"வயசு கேட்டாரு. மூணு ஆகப்போவுதுன்னேன்."

"செத்துட்டான்னு சொல்லலியா?"

"வரல."

"இங்கிலீஷ்ல வரலியா?"

"தமிழ்லயும் வரல."

அம்மியை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். கீழே வைக்கச் சொன்னேன், வைத்தார். "நாளைக்குப் பெரிய கிராணிகிட்ட நான் சொல்லிர்றேன். வேற வீடு குடுப்பாங்க" என்றார். சொல்ல மாட்டார் என்று தெரியும்.

வெளியே போய் நானே சொன்னேன். "எங்க பவளம் ஆடியில காய்ச்சல்ல செத்துப்போச்சுங்க ஐயா. அவரால சொல்ல முடியல." நானும் இதை யாரிடமும் சொன்னதில்லை. தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெரிய கிராணி சாவியை நீட்டினார். "வீடு இதுவே இருக்கட்டும் தங்கச்சி. துரையிட்ட நான் கதைக்கிறன்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே அவர் அழுதுகொண்டிருந்தார். பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு இன்னும் வரவில்லை, சாவி கையிலேயே இருந்தது.

சாமான் எல்லாம் கூடத்திலேயே கிடக்கிறது. அந்த அறையை யாரும் திறக்கவில்லை.