திரும்பி வராத இணைப்புகள்

திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. சுங்கை பட்டாணி ஆபீசுக்குள் நுழையும் முன்பே போன். பெண்டாங் டயாலிசிஸ் மையத்தின் தலைமை நர்ஸ் மல்லிகா அக்கா. நாங்கள் செய்து கொடுத்த சிஸ்டத்தின் பக்கமே திறக்கவில்லையாம். ஆறு நோயாளிகள் காத்திருக்கிறார்களாம். யார் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுப்பது என்ற விவரமெல்லாம் எங்கள் சர்வரில்.

சனிக்கிழமைதான் ஜாவா சர்வரைப் புது மெஷினுக்கு மாற்றினோம். மாற்றியவர் சுரேஷ் அண்ணன். ஒப்பந்த ஆள், வந்து மூன்று மாதம்.

ரீஸ்டார்ட் செய்தேன். திறந்தது. பதினொரு மணிக்கு மறுபடி அசையாமல் நின்றுவிட்டது. கரங்கான், செமிலிங் மையங்களிலிருந்தும் போன்.

நெட்வொர்க் சரி. போர்ட் சரி. பாஸ்வேர்ட் சரி. மதியம் சாப்பிடவில்லை.

செவ்வாய்

சர்வர் பிழைகளை எழுதி வைக்கும் லாக்கில் ஒரே வரி, பக்கம் பக்கமாக: இணைப்பு கிடைக்கவில்லை. டேட்டாபேஸுக்கு மொத்தம் இருபது இணைப்புகள். ஒவ்வொரு பக்கமும் ஒன்றை எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். அறுபதாக்கினேன். மதியம் வரை ஓடியது. பிறகு அறுபதும் காலி. ஆக, எண்ணிக்கை அல்ல. ஏதோ ஒரு பக்கம் எடுத்ததைத் திருப்புவதில்லை.

மூன்று மணிக்கு மல்லிகா அக்கா. குரல் இறங்கியிருந்தது.

"சிஸ்டம் இல்லாம பழைய தாளைப் பாத்து செஞ்சோம்மா. ஐயா ஒருத்தருக்குத் தண்ணி ஜாஸ்தி எடுத்துட்டோம். பிரஷர் விழுந்து மயங்கிட்டாரு."

ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம்.

முதலாளி ஹமீது பாய் யார் வேலை என்று கேட்டார். மெஷினை மாற்றியவர் சுரேஷ் அண்ணன். அந்த ஒன்றே போதுமாக இருந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் பாய். அண்ணன் பையை எடுத்துக்கொண்டு பேசாமல் போனார்.

புதன்

பழைய மெஷினின் செட்டிங் இருக்கும் கான்ஃபிக் ஃபைலையும் புதியதையும் வரி வரியாக ஒப்பிட்டேன். பழையதில் ஒரு வரி கூடுதல்: ஒரு நிமிடத்தில் திரும்பாத இணைப்பைப் பிடுங்கிக்கொள், எந்தப் பக்கம் என்று எழுதி வை. புதியதில் அது இல்லை.

சேர்த்தேன். சிஸ்டம் அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஒரு மணி நேரத்தில் லாக்கில் பெயரும் வந்தது. மாத அறிக்கைப் பக்கம்.

நான் எழுதியது.

எடைக் கட்டம் காலியாக உள்ள நோயாளி வந்தால் பிழையாகிப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. இணைப்பை மூடும் வரி அதற்குக் கீழே. இரண்டு வருடமாக என் தப்பை அந்தப் பழைய வரி மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

பாயிடம் போய்ச் சொன்னேன். கோட் என் தப்பு, விடுபட்ட வரி அண்ணன் தப்பு, ஆளுக்குப் பாதி என்று. "பாதி அவன் மேலயும் இருக்குல்ல" என்றார் பாய். அத்தோடு சரி; அண்ணனைத் திரும்பக் கூப்பிடும் பேச்சே இல்லை.

வியாழன்

கோட் திருத்தி ஏற்றியாயிற்று. நாலே வரி. இணைப்புகளின் எண்ணிக்கை ஏறுகிறது, இறங்குகிறது. ஐயா வீட்டுக்குப் போய்விட்டாராம். மல்லிகா அக்கா மெசேஜ்.

மனசு கேட்கவில்லை. சுரேஷ் அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த வரி என்னான்னு ஒங்கிட்டதானே கேட்டேன். வேணாம், எடுத்துடுங்கன்னு சொன்னே."

எனக்கு நினைவே இல்லை. ஏன் பாயிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஒன்னையும் அனுப்பிருவாரு லா. ரெண்டு பேருமே போயிட்டா யாரும்மா சரி பண்றது? அங்க ஆளுங்க படுத்திருக்காங்க."

போனை வைத்துவிட்டு வாட்ஸாப்பில் தேடினேன். வெள்ளிக்கிழமை மதியம், அவருடைய கேள்வி. கீழே என் பதில்: பழசுண்ணே, தேவையில்ல, எடுத்துருங்க.

பாய் அறையில்தான் இருக்கிறார். போனை எடுத்துக்கொண்டு போகிறேன்.